டேன் என்னும் சொல்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வாணியம்பாடியைக் கடந்து தென்மேற்காகச் சிறிது தொலைவு சென்றால் நாட்றம்பள்ளி வரும். ஏலகிரி மலைக்குப் பின்னிருந்து எழும் கதிரவனை நாள்தோறும் காணும் ஊர் அது. அங்கிருந்தும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும், பொழுது நன்றாகப் புலருமுன்பே சோற்றுத் தூக்கோடு வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் வேலைக்குச் செல்வோர் பலர். ஆதலால் இந்த வட்டாரத்துக் குழந்தைக்கு ஆங்கில எழுத்துகள் தெரிவதற்கு முன்னரே ஓர் ஆங்கிலச் சொல் தெரிந்துவிடுகிறது. 'டேனரி' என்பதே அச்சொல்.

மாணவர்களே, அந்த 'டேனரி'யின் பகுதியாகிய 'டேன்' என்னும் சிறு சொல்லைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஆங்கிலத்தில் அதற்கு மூன்றே எழுத்து. அந்த மூன்றெழுத்துக்குள் ஒரு மரமும், ஒரு தொழிலும், ஒரு நிறமும், ஒரு கணக்கும் அடங்கியிருக்கின்றன. அதன் வரலாற்றைத் தேடும்படி என்னைத் தூண்டியவன் ஒரு மாணவன். அவனுக்கு நான் இழைத்த பிழையை முதலில் ஒப்புக்கொள்வதே முறை.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், இப்பகுதியிலுள்ள ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பிற்கு முக்கோணவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் செங்கோண முக்கோணம் ஒன்றை வரைந்து, சைன், காஸ், டேன் என்னும் மூன்று விகிதங்களையும் எழுதி, "எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் கிடைப்பது டேன் தீட்டா" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. "சார், இந்த டேனும் எங்க அப்பா வேலை செய்யற டேனரியும் ஒண்ணா சார்?" என்று கேட்டான்.

நான் வாய் திறப்பதற்குள் மற்றொருவன், "டேனரின்னாலே தீட்டுதானே சார், அதான் டேன் தீட்டா!" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் புன்னகைத்தேன். "உட்கார், பாடத்தைக் கவனி" என்று வினாவை எழுப்பியவனைத்தான் அமர்த்தினேன். ஏளனம் செய்தவனை ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆண்டு முடியும்வரை அவன் என் வகுப்பில் வேறொரு கேள்வி கேட்கவில்லை.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் கற்ற முதற் பாடம், மாணவனைத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது. அன்று அந்தப் பையன் தானாகவே அவ்வழியில் நடந்தான். அவனுக்குத் தெரிந்தது டேனரி, தெரியாதது முக்கோணவியல். இரண்டையும் இணைக்க முயன்றவனைத் தடுத்தவன் நான். இரவு உறக்கம் வரவில்லை. அகராதியை எடுத்துப் புரட்டினேன். அன்று தொடங்கிய தேடலின் பயனே இந்தப் பேச்சு.

'டேன்' என்பதற்கு ஆங்கில அகராதிகள் பல பொருள் கூறுகின்றன. மரப்பட்டை என்பது ஒன்று; பட்டைச் சாற்றில் ஊறவைத்துத் தோலைப் பதனிடுதல் என்பது மற்றொன்று; செம்மை கலந்த பழுப்பு நிறம் என்பது மூன்றாவது; வெயிலில் உடம்பு கறுத்தல் நான்காவது; நையப் புடைத்தல் ஐந்தாவது; நாம் பள்ளியில் படிக்கும் கணக்கு விகிதம் ஆறாவது. இவற்றுள் முதல் ஐந்தும் ஒரே தாயின் மக்கள். ஆறாவது மட்டும் வேறு குடியில் பிறந்து, பெயரொற்றுமையால் இங்கு வந்து சேர்ந்தது.

முதலில் அந்த ஐவரைக் காண்போம். இடைக்கால இலத்தீனில் 'டன்னும்' என்னும் சொல் இடித்துத் தூளாக்கிய ஓக் மரப்பட்டையைக் குறித்தது. அது கெல்டிக் மொழிக் குடும்பத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. பிரான்சு நாட்டின் வடமேற்கு மூலையில் வழங்கும் பிரெட்டன் மொழியில் 'டன்' என்றால் ஓக் மரம். ஐரோப்பியத் தோல் தொழிலாளர், குழிகளில் தோலையும் ஓக் பட்டைத் தூளையும் அடுக்கடுக்காக இட்டு, நீர் நிரப்பி, ஓராண்டும் அதற்கு மேலும் காத்திருப்பர். ஆகவே பட்டையின் பெயர் அந்தத் தொழிலுக்கே பெயராயிற்று. ஆங்கிலேயரும் நெடுங்காலத்திற்கு முன்பே அதனைத் தம்மொழியில் ஏற்றுக்கொண்டனர்.

தோலுக்குப் பட்டை எதற்கு? இதற்கு விடை உங்கள் நாவிலேயே உள்ளது. வாழைக்காயையோ முற்றாத கொய்யாக்காயையோ கடித்துப் பாருங்கள். நாக்குச் சுருங்கி வாய் உலர்ந்தாற்போல் ஆகும். காயிலுள்ள துவர்ப்புப் பொருள் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதே அதற்குக் காரணம். அவ்வாறே பட்டையின் துவர்ப்புப் பொருள் தோலின் புரத இழைகளைப் பற்றிப் பிணைக்கிறது. அதன்பின் தோல் எளிதில் அழுகாது. நனைந்து உலர்ந்தாலும் விறைத்துப் போகாது. இந்தத் துவர்ப்புப் பொருளுக்கு அறிவியலார் இட்ட பெயரும் 'டேன்' என்பதிலிருந்தே பிறந்தது. அதனைத் தமிழில் டானின் என்று எழுதுகிறோம். சுரங்க விளக்கினால் புகழ்பெற்ற ஹம்ப்ரி டேவி, 1803-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில் இதனை விரிவாக ஆராய்ந்தார். பம்பாயிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் சென்ற காசுக்கட்டி, ஓக் பட்டையைக் காட்டிலும் பன்மடங்கு துவர்ப்புப் பொருள் உடையது எனவும் கண்டார்.

பட்டையில் ஊறிய தோல் செம்பழுப்பு நிறம் பெறும். ஆகவே அந்த நிறமும் 'டேன்' ஆயிற்று. சிங்கத்தின் நிறத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் வழங்கும் 'டானி' என்னும் சொல்லும் பிரெஞ்சு வழியாக வந்த இதன் உடன்பிறப்பே. பின்னர் வெயிலில் திரிந்து கறுத்த மேனியையும் அவ்வாறே அழைத்தனர். அதில் பட்டையும் இல்லை, துவர்ப்பும் இல்லை. நிறத்தின் ஒப்புமை ஒன்றே சொல்லை அங்கு அழைத்துச் சென்றது. பிள்ளைகளை அடிப்பதற்கும் இச்சொல்லை வழங்கினர். நம்மவர் "தோலை உரித்துவிடுவேன்" என்று அதட்டுவதில்லையா? அவர்கள் தோலைப் பதனிட்டுவிடுவதாக அதட்டினர்.

இதில் நாம் வியக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆங்கிலச் சொல் பட்டையிலிருந்து நிறத்திற்குப் போயிற்று என்றேன். நம் தமிழில் 'துவர்' என்பது சுவையையும் குறிக்கும், செந்நிறத்தையும் குறிக்கும். பண்டைத் துறவியர் உடுத்த காவி நிற உடையைத் துவராடை என்று நம் முன்னோர் கூறினர். ஆயிரக்கணக்கான கல் தொலைவில், ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள், துவர்ப்பையும் செம்பழுப்பையும் ஒரே சொல்லால் கட்டியிருக்கின்றனர்.

ஓக் மரம் நம் வட்டாரத்து மரமன்று. இங்கு அதன் இடத்தைப் பெற்றது ஆவாரை. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் இடம்பெற்றதும், மடலேறும் தலைவன் சூடிக்கொள்வதாகப் புலவர் பாடியதும் இந்த ஆவிரம்பூவே. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரும் உண்டோ' என்பது பழமொழி. வறண்ட மேட்டு நிலங்களில் எவரும் நீர் ஊற்றாமலே வளரும் இச்செடியின் பட்டை, தோலை ஓராண்டு காக்க வைக்காமல் சில வாரங்களிலேயே பதப்படுத்திவிடும். ஆனால் ஆவாரையால் பதனிட்ட தோல் வெளிச்சம் படப்படச் சிவந்துவிடும். அதைத் தடுக்கக் கடுக்காய் நீரில் தோய்த்தெடுக்கும் முறையைத் தொழிலாளர் கையாண்டனர். பட்டையோடு காயையும் சேர்த்துக் குறை தீர்த்த இந்த அறிவு, ஏட்டில் எழுதப்படுமுன் கைகளில் இருந்த அறிவாகும்.

1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் பாதை திறக்கப்பட்டது. பின்னர் அது பாலாற்றை ஒட்டி ஆம்பூர், வாணியம்பாடி வழியாகச் சோலையார்பேட்டைக்கு நீண்டது. இந்நகரங்களில் பதனிட்ட தோல், சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிகளுக்குச் சென்று, அங்கிருந்து கப்பலேறி இலண்டன் சந்தையை அடைந்தது. நம் நாட்டு மாட்டுத்தோல் அளவிற் சிறியதாதலால், 'கிழக்கிந்திய கிப்' என்ற தனிப்பெயரால் அது அங்கு விலைபோயிற்று. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப்போரில், பிரிட்டிஷ் படையினர் அணிந்த காலணிகளின் மேற்றோலுக்குச் சென்னை மாகாணத்துத் தோல் பெருமளவில் பயன்பட்டது. நம் மேட்டுநிலத்து ஆவாரம்பட்டை ஐரோப்பியப் போர்க்களங்கள்வரை நடந்து சென்றது எனலாம்.

இதற்கிடையில் தொழில் மாறத் தொடங்கியது. மரப்பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்பைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் 1884-இல் காப்புரிமை பெற்றார். வாரங்கள் பிடித்த வேலை சில நாள்களில், பின்னர்ச் சில மணி நேரத்திலேயே முடிந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசின் சார்பில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் இம்முறையை இங்கு கொணர்ந்தார். இம்மாகாணத்துத் தோல் தொழிலைப் பற்றி அவர் எழுதிய நூல் 1904-இல் வெளிவந்தது. எனினும் பட்டைத் தொழில் உடனே மறையவில்லை. ஆவாரைக்குத் துணையாகத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டையும் வந்தது. விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948-இல், சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பாதி பதனிட்ட தோலை வெளிநாட்டிற்கு அனுப்பிவிட்டு, அதிலிருந்து செய்த காலணியை நாமே விலைகொடுத்து வாங்கும் நிலை மாற வேண்டுமென்று, 1973 முதல் அத்தகைய தோலின் ஏற்றுமதிக்கு மைய அரசு கட்டுப்பாடு விதித்தது. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. குரோமியமும் பெருகியது.

குரோமியத்தில் ஊறிய தோல் செம்பழுப்பாக இராது, வெளிர்நீலமாக இருக்கும். தொழிலில் அதற்குப் பெயரே 'வெட் புளூ'. ஓக் மரமும் இல்லை, ஆவாரையும் இல்லை, பழுப்பு நிறமும் இல்லை; ஆயினும் அத்தொழிலின் பெயர் இன்றளவும் 'டேனிங்' என்பதே. பொருள் மாறினாலும் சொல் எளிதில் மாறாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ? சொல்லை மட்டும் கற்றவன், தொட்டிக்குள் இன்னமும் மரப்பட்டையே ஊறுகிறது என்று எண்ணிக்கொள்வான். வரலாற்றையும் கற்றவனே, அத்தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் எங்கே போகிறது என்று கேட்பான்.

அக்கேள்வியை எங்கள் மக்கள் கேட்டனர். உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் பாலாற்றிலும் கிணறுகளிலும் இறங்கியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், இத்தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முற்றிலுமோ பயிர்செய்யத் தகாததாய்விட்டதையும் அத்தீர்ப்பு குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று உறுதி செய்தது. இன்று சட்டக் கல்லூரி மாணவர் அனைவரும் படிக்கும் தீர்ப்பு அது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டும் குறை முற்றும் தீரவில்லை. 2025-இலும் உச்ச நீதிமன்றம் இதே ஆற்றைப் பற்றி மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடும் தொழில் ஒருபுறம். அவர்களே பருக வேண்டிய நீர் மறுபுறம். இவ்விரண்டையும் ஒருங்கே காக்கும் வழியைக் காண வேண்டியவர்கள், இன்று வேதியியல் படிக்கும் நீங்களே.

இனி ஆறாவது 'டேன்' எது என்று பார்ப்போம். அது 'டேன்ஜென்ட்' என்னும் சொல்லின் சுருக்கம். இலத்தீனில் 'டாங்கெரே' என்றால் தொடுதல். வட்டத்தை ஒரே புள்ளியில் தொட்டுச் செல்லும் கோட்டை நாமும் தொடுகோடு என்றுதானே சொல்கிறோம்? டென்மார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஃபிங்கே என்னும் கணித அறிஞர், 1583-இல் வெளியிட்ட தம் நூலில் இந்த விகிதத்திற்கு அப்பெயரைச் சூட்டினார். அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அரபுக் கணிதர்கள் இதனை அறிந்திருந்தனர். அவர்கள் இதற்கு இட்ட பெயர் நிழல். நட்ட கோலின் உயரத்தையும் அதன் நிழலின் நீளத்தையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டமையால் அப்பெயர் பொருந்தியது. இதனோடு இணைந்த 'சைன்' என்பதோ நம் நாட்டிலிருந்தே புறப்பட்டது. 499-இல் ஆரியபட்டர் இயற்றிய நூலில் வில்லின் நாணைக் குறிக்கும் 'ஜ்யா' என வழங்கிய சொல், 'ஜீவா' என்றும் வழங்கி, அரபு எழுத்தில் உருமாறி, இலத்தீனில் 'சைனஸ்' ஆகி, நம் பள்ளிக்கே திரும்பி வந்திருக்கிறது.

ஆக, அந்தப் பையனின் கேள்விக்கு அகராதி தரும் விடை இது: இரண்டும் ஒன்றல்ல. ஒரு டேன் மரப்பட்டை; மற்றொரு டேன் தொடுதல். பிறப்பால் இரண்டிற்கும் உறவில்லை. இவ்வளவு சொல்லியிருந்தாலே அன்று அவன் மகிழ்ந்திருப்பான்.

ஆனால் அகராதி முடித்த இடத்தில் நான் முடிக்க இயலவில்லை. அன்று வகுப்பைச் சிரிக்க வைத்த 'தீட்டு' என்னும் சொல் எங்கிருந்து வந்தது? தீண்டு என்னும் வினையிலிருந்து. தீண்டுதல் என்றால் தொடுதல். ஆகவே கரும்பலகையில் நான் எழுதிய கணக்குச் சொல்லின் பொருளும் தொடுதல்; பின்வரிசையில் எழுந்த வசைச் சொல்லின் வேரும் தொடுதல். தோலைத் தொட்டுப் பதனிட்டவரைத் தொடலாகாது என்று விலக்கி வைத்த சமுதாயம், அவர்கள் பதனிட்ட தோலைக் காலில் அணிந்தது. அத்தோலால் கட்டிய முழவின் இசையைக் கேட்டுத் தலையசைத்தது. அதே தோலால் கட்டடம் செய்த புத்தகத்தைக் கையில் ஏந்தியது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதற்கெனத் தண்டனைச் சட்டமும் வந்தது. ஆயினும் அச்சட்டம் வந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின் என் வகுப்பில் அந்த ஏளனம் எழுந்தது. அதைக் கேட்டு ஆசிரியனாகிய நானும் புன்னகைத்தேன். சட்டம் ஒழித்ததை வகுப்பறை வளர்க்கலாகுமா? நான் செய்தது அதுவே.

முடிக்குமுன் நம் மொழியின் சொல் ஒன்றையும் எண்ணிப் பாருங்கள். 'டேனிங்' என்பதைப் பதனிடுதல் என்கிறோம். அறம் என்பது அறன் என வருவதுபோல், பதம் என்பதே பதன் என நின்றது. பதம் என்றால் ஏற்ற நிலை, பக்குவம். பாகு பதமாக இருக்கிறது என்று அன்னையர் சொல்வதும் அதுவே. வடமொழி வழியாக வந்த மற்றொரு பதம் உண்டு. பகுபதம், பகாபதம் என்று நன்னூலில் படிக்கிறீர்களே, அந்தப் பதத்திற்குச் சொல் என்பது பொருள். ஆங்கிலத்தில் இரண்டு டேன் இருப்பதுபோல், தமிழில் இரண்டு பதம். ஒன்று தோலைப் பக்குவப்படுத்துவது; மற்றொன்று நாம் வாயால் மொழிவது.

இந்த இரண்டு பதங்களுக்கும் பிறப்பால் உறவில்லையாயினும், பண்பால் உறவு உண்டென்றே எனக்குத் தோன்றுகிறது. பதனிடாத தோல் நாறும்; அழுகும். பதனிடாத சொல்லும் அவ்வாறே. அன்று ஒரு மாணவன் வாயிலிருந்து பதனிடாத சொல் ஒன்று வந்தது. அதனைப் பதப்படுத்த வேண்டிய கடமை எனக்கு இருந்தது, நான் தவறினேன்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் தெருவிலும் வழங்கும் சொல்லைப் பாடநூலில் கண்டால், அஞ்சாமல் எழுந்து கேளுங்கள். உங்கள் தந்தை செய்யும் தொழிலின் பெயர் அகராதியில் இருக்கிறது. அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறும் இருக்கிறது. ஆசிரியருக்கு விடை தெரியாவிட்டால், சேர்ந்து தேடுவோம் என்று அவரே சொல்லட்டும். அந்தப் பையன் இப்பொழுது எங்கிருக்கிறானோ, அறியேன். நாற்பத்தைந்தை ஒட்டிய வயது அவனுக்கு ஆகியிருக்கும். இந்த வானொலியின் வழியாக என் குரல் அவனை எட்டுமாயின் ஒன்று சொல்வேன்: தம்பி, நீ கேட்டது நல்ல கேள்வி. அதற்கு விடை காண எனக்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன.